சுவரில் நாலு பாம்பு

முதல் நாள்: காரைக்குடி

பல்லவன் ரயில் காரைக்குடி வந்து சேர்ந்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. ஒரு பையில் நாலு சட்டை. இன்னொன்றில் பிரஷ், ஸ்டெயினர் டியூப், அடிக்கோல். கையில் ஒரு ஃபைல், அது முழுக்கப் பாம்புப் படங்கள். எதிர் சீட்டு அம்மா விழுப்புரம் தாண்டியதும் ஒரு தடவை அதை எட்டிப் பார்த்தார். அப்புறம் திருச்சியில் இறங்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் என் சிநேகிதன் வாத்தியார். போன மழைக்காலத்தில் சத்துணவுக் கூடத்து விறகுக்குள் ஒரு பாம்பு வந்துவிட்டது. பிள்ளைகளில் பாதிப் பேர் கட்டுவிரியன் என்றார்கள், பாதிப் பேர் தண்ணிப்பாம்பு என்றார்கள், சமையல்கார அம்மா சாரை என்று சத்தியம் செய்தார். கடைசியில் அடித்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் அது சுருட்டை விரியன். "சுவர்ல நாலு விஷப்பாம்பையும் வரைஞ்சு குடுத்துட்டுப் போடா, சாப்பாடு என் பொறுப்பு" என்றான். நாலு என்றால் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான் பாடப்புத்தகத்துக்கும் கடைப் பலகைக்கும் வரைகிறவன். பாம்பு வரைந்ததுண்டு, எல்லாம் சாமி கழுத்தில் கிடக்கிற பாம்பு. கடிக்கிற பாம்பை வரைந்ததில்லை.

அதனால் ஒரு மாதமாகப் பழைய படங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் மாட்டியவர் பேட்ரிக் ரஸ்ஸல். ஸ்காட்லாந்து டாக்டர், சிரியாவில் அலெப்போ நகரத்தில் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர். சகோதரர் ஒருவர் விசாகப்பட்டினத்தில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்ததால் இந்தப் பக்கம் வந்தவர். 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கர்நாடிக் என்ற நம் ஆற்காட்டுச் சீமைக்கு இயற்கை ஆய்வாளராக வைத்துக்கொண்டது. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1796-இல் லண்டனில் வந்தது. அதில் 46 படத் தகடுகள். செம்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் பூசிய படங்கள். எனவே ஒரு பிரதியில் இருக்கிற பழுப்பு அச்சு அசலாக இன்னொரு பிரதியில் இருக்காது.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அவருக்கும் என் சிநேகிதன் பிரச்சினைதான்: விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று சாதாரண ஜனங்கள் வெளியிலிருந்து பார்த்தே சொல்ல ஒரு சுலபமான வழி வேண்டும். தேடினார், கிடைக்கவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால்தான் உண்டு. யார் திறப்பது? தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்று இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் எடுக்காத நல்ல பாம்பின் தலையும் கட்டுவிரியன் தலையும் சாரைத் தலை மாதிரியேதான் இருக்கும். குறுக்கு வழி இல்லை. ஒவ்வொன்றாக வரைந்து காட்டத்தான் வேண்டும்.

சிநேகிதன் ஸ்டேஷனுக்கு பைக் கொண்டுவந்திருந்தான். வீட்டில் அவனுடைய அப்பத்தா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். இடியாப்பம், கோசமல்லி. ஃபைலைத் திறக்கப் போனேன்.

"ராத்திரியில அதையெல்லாம் பேசப்படாது தம்பி. பூச்சின்னு சொல்லு."

சரி, பூச்சி.

இரண்டாம் நாள்: முனீஸ்வரன் கோயில் தெரு

காலையில் பள்ளிச் சுவரைப் போய்ப் பார்த்தேன். நாற்பது அடி நீளம், ஆறடி உயரம். தென்பக்கம் ஓதம் ஏறியிருக்கிறது. பிரைமர் அடிக்கிற ஆள் இன்றைக்கே அடித்துவிடுவதாகச் சொன்னார், இரண்டு நாள் காயவேண்டும். எனவே ஊர் சுற்றக் கிடைத்த சாக்கு.

காரைக்குடி வந்து முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகாமல் இருக்க முடியாது. செட்டிநாட்டு வீடுகள் பிரிகிறபோது உள்ளிருந்து வெளியேறுவதெல்லாம் இங்கேதான் வந்து குவிகிறது. எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, மரப்பாச்சி, முழ நீளச் சாவி, பர்மாத் தேக்கில் உடைந்த தூண் தலை, பெல்ஜியம் கண்ணாடி, ஓடாத ஜெர்மன் கடிகாரம். ரவிவர்மா லட்சுமியும் சரஸ்வதியும் கடைக்குக் கடை. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் (கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கிற கூடம்) தொடங்கியதிலிருந்து அந்தப் படங்கள் போகாத முகப்பு இல்லை. பட்டுத்துணி ஒட்டி ஜிகினா வைத்துத் தைத்த படங்களும் கிடைக்கின்றன. வீட்டுப் பெண்கள் மத்தியானத்தில் உட்கார்ந்து செய்த வேலை அது. அச்சுக்கு மேல் அவர்கள் கைவண்ணம்.

ஒரு கடையில் (பேர் வேண்டாம்) கண்ணாடி போட்ட சின்ன ஃபிரேமுக்குள் கட்டுவிரியன். எனக்கு நெஞ்சு ஒரு தடவை குதித்தது. ஜோசப் ஃபேரர் புத்தகத்துப் படம் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் ஃபைலிலும் அதே படம் மங்கலாக இருக்கிறது.

ஃபேரர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த சர்ஜன். இந்தியாவின் கொல்லும் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய ஆளுயரப் புத்தகம் 1872-இல் லண்டனில் அச்சானது. படங்களை வரைந்தவர்கள் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளி மாணவர்கள், வங்காளிப் பையன்கள், உயிரோடு இருக்கிற பாம்பை எதிரில் வைத்துக்கொண்டு. அன்னதா பிரசாத் பாக்சி அவர்களில் ஒருவர், அப்போது இருபது வயதை ஒட்டி. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பாம்பு வரைந்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது ஜாடிக்குள் சாராயத்தில் கிடந்த பாம்பை. சாராயத்தில் ஊறினால் நிறம் போய்விடும், பச்சைப் பாம்பு நீலமாகிவிடும், கண் வெளுத்துவிடும். அந்தப் படங்களில் உடம்பு சுருட்டிவைத்த மணிக்கயிறு மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம். கல்கத்தாப் பையன்கள் படத்தில் பாம்புக்கு எடை இருக்கிறது. ஒரு சுருளின்மேல் இன்னொரு சுருள் அழுந்துகிற இடத்தில் தோல் லேசாகப் புடைக்கிறது. அது ஜாடியைப் பார்த்து வராது.

கடைக்காரர் என் முகத்தைப் படித்துவிட்டார். "ராஜா காலத்துப் படம் சார். ஆயிரத்தெண்ணூறு."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஃபேரர் புத்தகம் மாதிரிக் கல்லச்சாக இருந்தால் வண்ணம் மணல் தூவின மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும், கல்லின் சொரசொரப்பு அப்படியே தாளில் வரும். இதில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று சின்னச் சின்ன புள்ளிகள் வட்ட வட்டமாக, வரிசை தவறாமல் நிற்கின்றன. ஆஃப்செட், இந்தக் காலத்து மெஷின் அச்சு. ஏதோ காலண்டரிலோ மறுபதிப்பிலோ வெட்டி, டீத்தண்ணியில் முக்கிப் பழசாக்கி இருக்கிறார்கள். முகர்ந்து பார்த்தால் ஏலக்காய் வாசனைகூட வந்திருக்கும்.

"அண்ணே, இது ராஜா காலம் இல்ல. கம்ப்யூட்டர் காலம்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நீங்க ஒருத்தர்தான் சார் பாம்பைப் பாக்காம புள்ளியைப் பாத்தீங்க." இருநூற்றைம்பதுக்கு முடிந்தது. ஏன் வாங்கினேன்? ஃபிரேம் நன்றாக இருந்தது. அதோடு, செதில் ஒவ்வொன்றும் சுத்தமாக விழுந்திருந்தது. என் ஃபைல் பிரிண்டில் அது கிடையாது.

சாயங்காலம் கோட்டையூர் வழியாகத் திரும்பினோம். ரோஜா முத்தையாவின் ஊர். காரைக்குடியில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர், பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று ஊரார் தூக்கிப்போட்டதையெல்லாம் ஒரு லட்சம் உருப்படி வரை சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. நானும் பலகை எழுதுகிறவன்தான். வீட்டில் என் சேகரிப்பு: காய்ந்துபோன பிரஷ் நூற்றுக்குக் குறையாது.

மூன்றாம் நாள்: திருமயம்

புதுக்கோட்டை பஸ் பிடித்துத் திருமயம். கோட்டைக்கு மத்தியானம் ஏறலாம் என்று நினைத்தேன், ஏறவில்லை. வெயில் அப்படி.

வந்தது குடைவரைக்காக. ஒரே குன்றில் பக்கத்தில் பக்கத்தில் சிவனும் பெருமாளும். சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாள் மலைப்பாறையிலேயே குடைந்தது. உள்ளே நல்ல இருட்டு. அர்ச்சகர் தீபத்தைத் தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் மெதுவாக நகர்த்திக் காட்டினார். ஒவ்வொரு விநாடிக்கும் வெளிச்சம் போன இடம் மட்டும் தெரியும், மற்றது மறையும். மதுவும் கைடபனும் பெருமாள் தூங்கும்போது தாக்க வந்தார்களாம். எழுப்பவேண்டாம் என்று ஆதிசேஷனே விஷத்தைக் கக்கி விரட்டிவிட்டாராம். அப்புறம் "அனுமதி இல்லாமல் செய்துவிட்டோமே" என்று பயந்து படத்தைச் சுருக்கிக்கொண்டாராம். அந்த விஷம் பாறையில் தீ நாக்காக வளைந்து வளைந்து போகிறது. அது முடிகிற இடத்தில் அசுரர்கள் திரும்பி ஓடுகிறார்கள்.

தீபம் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டிருந்த கேள்விக்கு இந்தச் சிற்பி ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே தன் வழியில் பதில் சொல்லிவிட்டார். விஷத்தை எப்படி வரைவது? அது கண்ணுக்குத் தெரியாது. ரஸ்ஸல் புத்தகத்திலும் ஃபேரர் புத்தகத்திலும் செதில் எண்ணிக்கை வரை இருக்கிறது, விஷம் எங்கேயும் இல்லை. படத்துக்கு எதிர்ப்பக்கத்து எழுத்தில்தான் அது இருக்கும். ரஸ்ஸல் நாய்க்கும் கோழிக்கும் பாம்புக்கடி கொடுத்து, எத்தனை நிமிஷத்தில் கால் தள்ளாடியது என்று குறித்துவைத்தார். படிக்க வயிற்றைப் பிசையும். நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் அதில் வருகிறது: தஞ்சாவூர் மாத்திரை. பாம்புக்கடிக்கு அந்தக் காலத்தில் ரொம்பப் பிரபலம், உள்ளே பாஷாணம். ரஸ்ஸல் அதையும் சோதித்தார், பலனில்லை என்று எழுதினார். கடிபட்டவனுக்குப் பாம்பு விஷம் போதாதென்று பாஷாணம் வேறு.

பள்ளிச் சுவரில் தீ நாக்கு வரையலாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வேண்டாம். பிள்ளைகள் நெருப்பு கக்குகிற பாம்பைத் தேடுவார்கள்.

நான்காம் நாள்: அப்பத்தா வீட்டு மேல்மாடி

மழை. பிரைமர் காயவில்லை.

அப்பத்தாவின் பெரிய வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, ஆத்தங்குடிப் பூக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். நூறு வருஷமாகியும் கன்னம் வைத்தால் குளிர்கிறது. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான குடும்பத்துக்கும்) ஒன்று. பாதிப் பூட்டுகளின் சாவி மலேசியாவில், மீதி சென்னையில்.

மேல்மாடியில் ஒரு தஞ்சாவூர்ப் படம், காளிங்க நர்த்தனம். தங்கரேக்கு அங்கங்கே உரிந்திருக்கிறது. கண்ணன் கால் வைத்த ஐந்து தலையிலும், நம்மைப் பார்த்து விரிந்த படத்தில், அழகாக மூக்குக்கண்ணாடிக் குறி. அதைப் பார்த்து ரசித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குறி பாம்புக்கு முதுகுப்பக்கம் இருப்பது! நம்மைப் பார்த்துப் படம் எடுத்தால் நமக்குத் தெரிவது அடிப்பக்கம், அங்கே வெளிர்த் தோலும் கறுத்த பட்டையும்தான் இருக்கும். குறியைப் பார்க்கவேண்டுமென்றால் பாம்புக்குப் பின்னால் நிற்கவேண்டும். இருபது வருஷமாக நானும் காலண்டர்களுக்கு இதே மாதிரி முன்பக்கம் குறி போட்டுக் காசு வாங்கியிருக்கிறேன். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பாக்சி இதில் என்ன செய்திருப்பார் என்று யோசனை போயிற்று. ஃபேரருக்குப் பாம்பு வரைந்த அதே மனிதர், 1878-இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கி, சாமி படங்களைக் கல்லச்சில் அடித்து வீடு வீடாகக் கொண்டுபோனவர். டாக்டருக்கு வரையும்போது ஒரு கண், பக்தருக்கு வரையும்போது ஒரு கண் என்று வைத்திருந்தாரா?

அப்பத்தாவிடம் குறி தப்பு என்று சொன்னேன். "அது அவுக பெருமாளுக்குக் காட்டுறதுக்குப் போட்டது. ஒனக்கா காட்டுனாக?" என்றார். வெள்ளைப் பணியாரம் வந்தது, விவாதம் முடிந்தது.

ஐந்தாம் நாள்: சுவர்

காலை ஏழுக்கே தொடங்கிவிட்டேன். சனிக்கிழமை, பள்ளி லீவு, ஆனாலும் பிள்ளைகள் பாதி பேர் வந்துவிட்டார்கள்.

பழைய புத்தகங்களில் பாம்பு எப்போதும் சுருண்டே கிடப்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு: தாள் சின்னது, பாம்பு நீளம். நிஜ அளவில் வரையவேண்டுமென்றால் மடித்துத்தான் ஆகவேண்டும். என்னிடம் நாற்பது அடி இருக்கிறது. நான் ஏன் சுருட்டவேண்டும்? எனவே நாலையும் நிஜ நீளத்தில், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், ஊர்ந்துபோகிற மாதிரி. பாம்பைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கிறவர் யாருமில்லை.

முதலில் கண்ணாடி விரியன். முதுகில் மூன்று வரிசை முட்டைவடிவப் புள்ளி, கறுப்பு விளிம்பு, வெளியே மெல்லிய வெள்ளைக் கோடு. சங்கிலி கோத்த மாதிரி. வரைய இதுதான் சுகம். ரஸ்ஸல் இதற்குத் தெலுங்குப் பெயரைத்தான் போட்டிருந்தார், கட்டுக ரேகுல பொட. அறிவியல் பெயர் 1797-இல் வந்தது. வைத்தவர்கள் இரண்டு பேர்: ஜார்ஜ் ஷா, பிரடெரிக் நோடர். இதில் நோடர் ஓவியர்! எழுதினவரோடு வரைந்தவர் பெயரும் இன்றுவரை அந்தப் பாம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லவேண்டும். ரஸ்ஸலைக் கௌரவித்துத்தான் வைத்தார்கள், ஆனால் அச்சில் அவர் பெயரில் ஒரு 'எல்' விழுந்துபோய், விதிப்படி இன்றைக்கும் அந்தக் குறையோடேதான் எழுதுகிறார்கள். பலகையில் எழுத்துப் பிழை விட்டால் எனக்குக் கூலி பிடிக்கிறார்கள்.

அடுத்தது சுருட்டை விரியன், ஒன்றரை அடி. பக்கத்துச் செதில்கள் சாய்ந்து நிற்கும், ஒன்றோடொன்று உரசிச் 'சர்'ரென்று சத்தம் போடும். ரஸ்ஸலுக்கு இது கிடைத்தது பட்டுக்குப் பேர்போன நம் ஆரணியிலிருந்து. இன்றும் அறிவியல் ஏடுகளில் இதன் பிறந்தகம் ஆரணிதான். நல்ல பாம்பை முதுகுகாட்டி, குறி தெரிய வரைந்தேன். காளிங்கனுக்குப் பரிகாரம்.

கடைசியில் கட்டுவிரியன். நீலங்கலந்த கறுப்பு, அதில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் ஜோடி ஜோடியாக. நடுமுதுகில் ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிசாக, அறுகோணமாக இருக்கும். கல்கத்தாப் பையன்கள் அதை ஒன்றுவிடாமல் போட்டிருக்கிறார்கள். நானும் சின்ன பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அறுபது செதிலுக்கு மேல் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இந்தப் பாம்பு ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல சமயம் வலிகூடத் தெரியாது, வீக்கமும் இருக்காது. விடிகாலையில் இமை தொங்கும்போதுதான் சந்தேகமே வரும். இதற்குத்தான் படம் ரொம்ப அவசியம்.

நாலுக்கும் நடுவில் பெரிய எழுத்தில் எழுதினேன்: கட்டுப் போடாதே, கீறாதே, கையைக் காலை ஆட்டாதே, நேரே அரசு ஆஸ்பத்திரி. இந்த நாலு விஷத்துக்கும் ஒரே மருந்துதான் அங்கே ஏற்றுவார்கள். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக்கொடுப்பவர்கள் 1978-இல் சங்கம் அமைத்த நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள்.

வெளிச்சம் போனபோது முடித்தேன். சுவரைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கர்வம்.

ஆறாம் நாள்: புறப்பாடு

காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனேன். நல்ல பாம்புக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள், சரியாக அந்தக் குறியின் மேலேயே. தண்ணீர் தொட்டுத் துடைக்கப் போனேன், சமையல்கார அம்மா முறைத்தார். விட்டுவிட்டேன்.

ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு என் ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுவிரியன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டீத்தண்ணிப் படம். விரலால் தாளில் எண்ணுகிறாள், சுவரில் எண்ணுகிறாள்.

"சார், இதுல தலைக்கிட்ட பட்டை இல்லையே. நீங்க கழுத்துலேருந்தே போட்டுருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். கல்கத்தாப் பையன் கழுத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வெறும் கறுப்பாக விட்டுவிட்டு, அப்புறம்தான் பட்டையைத் தொடங்கியிருக்கிறான். வால்பக்கம் போகப் போகப் பட்டை தெளிவாகிறது. கழுத்தில் பளிச்சென்று தொடங்கி வால்பக்கம் மங்கிப்போனால் அது வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாதது, இந்த ஊரில் அதையும் கட்டுவிரியன் என்றுதான் அடிப்பார்கள். நான் அழகுக்காகக் கழுத்திலிருந்தே போட்டு, இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளியைப் பார்த்தவன் பட்டையைப் பார்க்கவில்லை.

பத்து மணி பஸ் போய்விட்டது. கறுப்பு டப்பாவைத் திறந்து, முதல் எட்டுப் பட்டையை அடித்தேன். அவள் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னும் ஒண்ணு சார்" என்றாள். அதையும் அடித்தேன். ஃபிரேமை அவளிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த பஸ் பன்னிரண்டரைக்கு.